கடலில் விழுந்த சுரங்கங்கள்

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் வரைபட அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் இப்போதும் யாரும் சட்டென்று நம்புவதில்லை. கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் ஆப்பிரிக்காவை வரைந்துகொண்டிருப்போம்.

அதற்கு முன்னால் நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தேன். டி-சர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கி, வெட்டும்போது துணி வீணாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. புவியியலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டம் அதுவரை எனக்குச் செய்த ஒரே உதவி, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொள்ள உதவியதுதான்.

வரைபட அலுவலகத்தை நடத்தியவர் ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. நிலவியல் படித்தவர். வடக்கே சுரங்கப் பகுதிகளில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊருக்குத் திரும்பி, அப்பா கட்டிவைத்த கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர்களைப் போட்டிருந்தார். நாங்கள் மேடம் என்போம். நேர்காணலுக்குப் போனபோது அவர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. திரையில் ஒரு ஏரியின் செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "இதோட கரையை மட்டும் வரைஞ்சு குடுங்க" என்றார். நான் வரைந்து முடித்ததும் பெரிதாக்கிப் பார்த்தார். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சரியாக ஒட்டியிருந்தன.

"கோடு எங்கயும் பிரியலைங்களே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"கை வெட்டறதுலங்க மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டி-சர்ட் கைங்க" என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பிலேயே வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வேலை இதுதான். வெளிநாட்டு ஆராய்ச்சி அமைப்பு ஒன்றுக்கு ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்குமான கனிமத் தொழில் வரைபடம் வேண்டியிருந்தது. சுரங்கங்கள், தாதுவை உருக்கும் ஆலைகள், சிமெண்ட் ஆலைகள், அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பித் தடங்கள், தாதுவை ஏற்றிச்செல்லும் ரயில் பாதைகள், அது கப்பலேறும் துறைமுகங்கள் என எல்லாம் ஒரே வரைபடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மேடத்தின் பழைய நண்பர் ஒருவர் மூலம் அதில் ஒரு பங்கு எங்களுக்கு வந்தது.

வீட்டில் இதை விளக்கப் பட்ட பாடு தனி. எங்கள் வீடு அவிநாசியில். கணவர் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். அவர் "ஓ, மேப்பா" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். மாமியார் அப்படி விடுகிற ஆள் இல்லை.

"ஏங்கண்ணு, அவுங்கூர்ல எங்க எது இருக்குதுன்னு அவுங்களுக்குத் தெரியாதா? நீ அவிநாசியில இருந்து சொல்லோணுமா?"

"தெரியுமுங்க அத்தை. ஆனா சுரங்கத்தைப் பத்தி ஒரு ஆபீஸ்ல இருக்கும், ரயிலைப் பத்தி இன்னொரு ஆபீஸ்ல இருக்கும், கரண்டைப் பத்தி வேறொரு நாட்டுல இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பாத்தவங்க யாருமில்லீங்க."

அவர் சிறிது யோசித்தார். "நம்மூர்ல ரோடு போட்டவன் போனதுக்கப்புறம் பைப்புக்காரன் வந்து தோண்டறான் பாரு, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதானுங்க."

அதன் பிறகு என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

பட்டியல்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. எங்களோடு தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கல்லூரி முடித்த கையோடு வந்தவள். துறைமுகங்களும் ரயில் பாதைகளும் அவள் பொறுப்பு. சுரங்கங்களும் ஆலைகளும் என் பொறுப்பு. பல நாடுகளிலிருந்து வந்த பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்து வரைபடத்தில் ஏற்றிவிட்டு நான் டீ குடிக்கப் போயிருந்தேன். அவள் படிக்கட்டின் உச்சியில் வந்து நின்று கத்தினாள்.

"எக்கா! சீக்கிரம் வாங்க! கடலுக்குள்ள ஒரு ஊரே கெடக்கு!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கீழே, சுற்றிலும் நீலமாகத் தண்ணீர் மட்டுமே உள்ள இடத்தில், புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. தங்கச் சுரங்கம், சுண்ணாம்புக்கல் குவாரி, அலுமினிய ஆலை, அனல் மின் நிலையம் என்று எல்லாம் ஒரே புள்ளியில்.

"எண்ணெய்க் கிணறா இருந்தாக்கூட நம்பலாம். சிமெண்ட் பேக்டரி எப்படிக்கா கடல்ல மெதக்கும்?"

மேடம் வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பட்டியலில் இடம் குறிக்காமல் காலியாக விட்டிருந்த வரிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே பூஜ்ஜியம் போட்டுக்கொண்டது. நிலநடுக்கோடும் கிரீன்விச் கோடும் வெட்டிக்கொள்கிற பூஜ்ஜியப் புள்ளி இருப்பது அந்தக் கடலில். விலாசம் இல்லாதவை எல்லாம் அங்கே போய் விழுந்திருந்தன.

"இதுங்களுக்கெல்லாம் ஊடு கண்டுபுடிச்சுக் குடுக்கறது உங்க வேலைங்க" என்று மேடம் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட முடிந்தது. ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவேன். ஒரே ஊரை ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் பிரெஞ்சில் ஒரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். பிறகு செயற்கைக்கோள் படத்தில் அந்த ஊரைச் சுற்றித் தேடுவேன். சிமெண்ட் ஆலையை அதன் வெளுத்த கூரைகளே காட்டிக்கொடுத்துவிடும். மின்கோபுரங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அவற்றின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருக்கும். நிழல் நிழலாகத் தொட்டுக்கொண்டு போனால் கம்பி எந்த ஆலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு அந்த வேலை தித்தித்தது. மார்க்கர் போடும்போது எல்லா வடிவமும் முன்பே வெட்டப்பட்டிருக்கும். அடுக்குவது மட்டும்தான் நம் வேலை. இங்கே வடிவத்தையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒன்று மட்டும் கடைசிவரை கடலிலேயே கிடந்தது. மேற்குக் கரை நாடு ஒன்றைச் சேர்ந்த சின்ன மாங்கனீசு சுரங்கம். நேரில் போய்ச் சரிபார்த்தவர்கள் எந்த நாட்டினர் என்று சொல்லக்கூடாதென ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன். பட்டியலில் இருந்ததெல்லாம் அதன் பெயரும், 'ரயில் மூலம் துறைமுகத்துக்கு' என்ற ஒரு குறிப்பும்தான். அந்தப் பெயரில் அங்கே ஊரே கிடையாது.

தூத்துக்குடிப் பெண் யோசனை சொன்னாள். "எக்கா, நம்ம சுரங்கத்தத் தேடுதோம். அது வேண்டாம். ஹார்பர்ல இருந்து ரயில் பாதையப் புடிச்சு மேல போவோம். எங்கயாவது போயி முடியத்தான செய்யும்?"

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகத்திலிருந்து கிளம்பினோம். பாதை ரப்பர்த் தோட்டங்கள், ஆறுகள், சிறிய ஊர்கள் வழியாக உள்ளே போனது. எங்கள் துரதிருஷ்டம், அந்தக் கரையில் எப்போதும் மேகம். படத்தின் பாதி இடம் பஞ்சு பரப்பினாற்போல் இருக்கும். ஒரு இடத்தில் பிரதான பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து மேகத்துக்குள் போய், மறுபக்கம் தோண்டப்பட்ட ஒரு பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றது. பக்கத்தில் கூம்பு கூம்பாகக் கல் குவியல்கள். நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். மேடமும் பார்த்து, இருக்கலாம் என்றார். புள்ளி வைத்தேன்.

எங்கள் புள்ளிகளை நேரில் போய்ச் சரிபார்க்க அந்த நாட்டில் ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் போனோடு பஸ்ஸிலும் வாடகை மோட்டார் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போய், நாங்கள் காட்டிய இடத்தில் நின்று படம் எடுத்து அனுப்புவார். எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஆங்கிலம். என்னுடையது ஏற்றுமதிக் கம்பெனியில் கற்ற ஆங்கிலம். அவருடையது பாடுவது போல ஏறி இறங்கும். அவர் அனுப்பும் செய்திகள் சுருக்கமாக இருக்கும். 'இங்கே மின் நிலையம் இல்லை. கால்பந்து மைதானம் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட என்னையும் கூப்பிட்டார்கள்' என்று ஒரு முறை எழுதியிருந்தார். இன்னொரு முறை, 'இது சிமெண்ட் ஆலைதான். என் செருப்பே சாட்சி' என்று எழுதி, வெள்ளைத்தூள் அப்பிய செருப்பைப் படமெடுத்து அனுப்பினார்.

மாங்கனீசு சுரங்கத்தைப் பார்க்க அவர் கிளம்பிய நாளில் அங்கே நல்ல மழை. நான் அன்று காலையிலிருந்தே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது செய்தி வந்தது. தொப்பலாக நனைந்த தன் படத்தை அனுப்பியிருந்தார். பின்னால் கல் உடைக்கும் கிரஷர்.

'சகோதரி, இது ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்த இடம். மாங்கனீசு இல்லை. மழை மட்டும் இருக்கிறது.'

எனக்கு டப்பாவை மூடிவிடலாம் போல இருந்தது. காரணம்பேட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் கிரஷர் தூசிக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவள் நான். ஆப்பிரிக்காவில் அது மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. பாவம், ஒரு பெண் மழையில் அவ்வளவு தூரம் போய் நிற்கிறார். மன்னிக்கச் சொல்லி எழுதினேன். அவர் உடனே பதில் போட்டார். 'மன்னிப்பு எதற்கு? இங்கே வறுத்த வாழைக்காய் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் பொறு. விசாரிக்கிறேன்.'

சிறிது நேரத்தில் ஒரு லாரியின் படம் வந்தது. அவர் ஒதுங்கி நின்ற கடை வாசலில் எடுத்தது. லாரி நிறைய, மாங்கனீசுத் தாதுவைப் போலவே கன்னங்கரிய கற்கள். பிறகு குரல் பதிவு வந்தது. பின்னணியில் மழை சத்தம்.

"இந்த லாரிகள் அந்தக் குன்றுக்குப் பின்னாலிருந்து வருகின்றன என்கிறார்கள். ரயில் நின்று வெகுகாலம் ஆகிறதாம். இப்போது எல்லாம் லாரிதான். வழியில் பாலம் தண்ணீரில் போய்விட்டது, லாரி மட்டும்தான் இறங்கி ஏறும். மோட்டார் சைக்கிள்காரர் வரமாட்டேன் என்கிறார். அவர் மனைவிக்கு இது முதல் பிரசவம், ஆற்றில் இறங்க மாட்டாராம். அவர் சொல்வது நியாயம்தான். நீ மேலிருந்து பார்."

நான் அந்தக் கடை இருந்த முக்கைத் திரையில் கண்டுபிடித்துப் பெரிதாக்கினேன். அந்த நாட்டின் சாலைகள் எல்லாம் செம்மண். நம் பல்லடம் பக்கத்து மண்ணைவிடச் சிவப்பு. அந்த முக்கிலிருந்து குன்றை நோக்கிப் போன சாலை மட்டும் நடுவில் கறுத்திருந்தது. முதலில் தார் என்று நினைத்தேன். தார்ச் சாலையென்றால் ஒரே சீராக இருக்க வேண்டும். இது வளைவுகளில் அதிகமாகவும் நேரான இடங்களில் மெல்லியதாகவும் இருந்தது. மேட்டில் ஏறும் இடத்தில் இன்னும் கறுப்பு.

"சிந்தியிருக்கு!" என்றேன். "லாரி திரும்பறப்ப சிந்தியிருக்கு!"

தூத்துக்குடிப் பெண் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். மேடமும் வந்து பின்னால் நின்றார். அந்தக் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். ஆற்றைத் தாண்டியது. குன்றைச் சுற்றியது. மரங்களுக்குள் நுழைந்து மறைந்தது, மறுபக்கம் வெளியே வந்தது. கடைசியில் படிக்கட்டு போல வெட்டிய இரண்டு கரிய பள்ளங்களும், தகரக் கூரைகளும், புல் முளைத்த ஒரு பழைய ரயில் மேடையும் தெரிந்தன.

மேடம் மெதுவாகச் சொன்னார், "கடல்ல இருந்து கரையேத்திட்டீங்க." அன்றைக்கு டீக்கடையில் அவர் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியை என்னால் ஒழுங்காகத் தின்னக்கூட முடியவில்லை. போனில் அந்தப் பள்ளங்களையே திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அங்கிருந்த பெண் நேரில் பார்த்துச் சொல்லும்வரை வரைபடத்தில் ஏற்ற முடியாது. தண்ணீர் வடிந்து, பாலத்துக்குப் பதிலாக மரங்களைப் போட்டுச் சரிசெய்ததும் அவர் மறுபடி போனார். அதே மோட்டார் சைக்கிள்காரர்தானாம். வாயிலில் காவலாளி உள்ளே விடவில்லை. வெளியிலேயே நின்று, கரிய குவியலுக்கு முன்னால் இரு கைகளையும் விரித்துப் படம் எடுத்து அனுப்பினார். கீழே ஒரே வரி: 'நீ வைத்த புள்ளியின்மேல் நிற்கிறேன். மோட்டார் சைக்கிள்காரருக்குப் பெண் குழந்தை.' அந்தப் படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மாமியார் அந்தப் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். "நல்ல தாட்டியான புள்ளை. கலியாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். நான் அதை விசாரிக்கவில்லை என்றதும் அவருக்கு என்மேல் வருத்தம்.

வரைபடம் முடிந்து வெளியான பிறகும் அந்தப் பெண்ணும் நானும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் அவர் எழுதினார்: 'உன் ஊர் பெயர் டிருப்பூர்தானே? என் அண்ணன் அங்கே டி-சர்ட் வாங்க வருகிறான். ஆண்டுதோறும் வருவான். உன் ஊரும் அவன் சொல்கிற ஊரும் ஒன்று என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.' எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பனியன் மொத்தக் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் ஆப்பிரிக்க வியாபாரிகள் மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அவர்களில் ஒருவருடைய தங்கையோடு தினமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காதர்பேட்டையில் அவர் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் பாய், தன் காரிலேயே கூட்டி வந்து விட்டுவிட்டு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அண்ணன் ஆறடிக்கு மேல் உயரம். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தவர் என் மாமியாரைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கமுங்க அம்மா. நல்லாருக்கீங்ளா?" என்றார்.

மாமியார் அசந்துபோனார். "அட, நம்மூருப் பேச்சு! வாங்க சாமி, வாங்க. உக்காருங்க."

அவருக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் கடைத் தமிழ் என்பது போகப் போகத் தெரிந்தது. அரிசிம்பருப்பு சாதமும் நாட்டுக்கோழிக் குழம்பும் செய்திருந்தோம். காரம் அதிகமோ என்று மாமியாருக்குக் கவலை. அவர் கையால் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "குவாலிட்டி சூப்பருங்க" என்றார். மாமியார் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றப் போனபோது, "போதுமுங்க, கொறைங்க, கொறைங்க!" என்று இலையை மறைத்தார். என் கணவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"காதர்பேட்டைல வெலையைக் கொறைக்கச் சொல்றதுங்க அது" என்று நான் மாமியாருக்கு விளக்கினேன்.

"சோத்துக்கெல்லாம் கொறைக்க முடியாது சாமி. ஒரே வெலைதான்" என்று மாமியார் ஊற்றியேவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். தங்கை கொடுத்தனுப்பியது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கரிய கல். அளவுக்கு மீறிக் கனத்தது. விரலில் லேசாகக் கறுப்பு ஒட்டியது.

"லாரி சிந்திய கல். சாலையோரம் பொறுக்கினாளாம்" என்றார். "உன்னிடம் இதைக் கொடுக்கச் சொன்னாள். நீ நிறத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாய், கனத்தையும் பார்க்கட்டும் என்றாள்."

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ சுரங்கங்களைத் திரையில் தொட்டிருக்கிறேன்; எதுவும் எனக்குக் கனத்ததில்லை. பதிலுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல், மேடம் எங்களுக்கென்று பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்த வரைபடத்தை எடுத்துவந்து தரையில் விரித்தேன். அந்த மனிதர் மண்டியிட்டு உட்கார்ந்து, துறைமுகத்தில் விரலை வைத்து ரயில் பாதை வழியாக மேலே போனார். ஒரு சின்ன ஊரில் விரலை நிறுத்தி, "அம்மா" என்றார். முதலில் என் மாமியாரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தோம். அவருடைய அம்மா அந்த ஊரில் இருக்கிறாராம். பிறகு விரலை மறுபடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, இந்தப் பாதையில் மீண்டும் ரயில் ஓடினால் தன் மூட்டைகள் பாதி நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று கணவரிடம் விளக்க ஆரம்பித்தார். முன்பு "ஓ, மேப்பா" என்று கேட்டுக்கொண்டு போன என் கணவர், அன்று சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. வரைபடத்தை விருந்தாளிக்கே சுருட்டிக் கொடுத்துவிட்டோம்.

கல்லை நான் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் அங்கே இருந்தது. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது காணவில்லை. மொட்டைமாடியில் மாமியார் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்து காயவைத்திருந்தார். காற்றில் பறக்காமலிருக்க மூன்று மூலைகளில் செங்கல் துண்டுகள். நாலாவது மூலையில் மேற்கு ஆப்பிரிக்க மாங்கனீசு.

"ஏனுங்க அத்தை, அது எவ்வளவு தூரத்துல இருந்து வந்த கல்லு!"

"அதுக்கென்ன கண்ணு, நல்ல கனம். செங்கல்லு மூலையெல்லாம் பறக்குது, இந்த மூலை அசையவே இல்ல பாரு."

எனக்குக் கோபம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. போனை எடுத்து ஒரு படம் பிடித்து, கல்லைக் கொடுத்தனுப்பியவருக்கு அனுப்பினேன். உடனே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு ஒரு கேள்வி: 'கல் கிடக்கட்டும். அந்த வெள்ளையாக இருப்பது என்ன? எப்படிச் செய்வது?'

மாமியார் சொல்லச் சொல்ல, வடகத்துக்குக் கூழ் கிளறும் பக்குவத்தை ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். கூழ் எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெண்ணும் நானும் இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறோம்.